மீன் தாடையில் தொடங்கும் சட்டை

இஸ்திரி கலையாத துணியா, வியர்வையைக் குடிக்கும் துணியா? சட்டைத் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு ஆந்திரத்தின் வடகோடி ஊர் ஒன்று சொல்லும் பதில்.

ஜவுளிக் கடை மேஜையில் துணியை விரித்ததும் வாங்க வந்தவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். அடுத்து விலையை. பிறகு ஓரத்தைக் கைக்குள் வைத்துக் கசக்குகிறார். கையை விரித்ததும் சுருக்கம் மறைந்துவிட்டால் திருப்தி. கிழிக்கச் சொல்லிவிட்டு பில் போடும் இடத்துக்கு நகர்கிறார். மூன்று விநாடியில் முடியும் இந்தச் சோதனை, துணி எத்தனை நாள் இஸ்திரியைத் தாங்கும் என்பதைச் சொல்லும். மே மாத மதியம் இரண்டு மணிக்கு, கூட்டம் நிறைந்த பஸ்ஸில் அது முதுகில் எப்படி ஒட்டும் என்பதைச் சொல்லாது.

இந்தச் சோதனையில் எப்போதும் ஜெயிப்பது பாலியஸ்டர்தான். 1960களில் டெரிலின் சட்டை அந்தஸ்தின் அடையாளம். துவைத்து உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்தது. கசங்கவில்லை, சாயம் மங்கவில்லை. பின்னர் 67 சதவீதம் பாலியஸ்டரும் 33 சதவீதம் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் வந்தது. 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை, பருத்திக்கும் செயற்கை இழைக்கும் சம இடம் தர முற்பட்டது. வசதி படைத்தவர்களின் சட்டை சாமானியர்களின் சட்டையாக மாறியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டே சட்டை வைத்திருப்பவருக்கு ராத்திரி துவைத்துக் காலையில் போடக்கூடிய துணி ஒரு வரப்பிரசாதம்.

ஆனால் உடம்பின் கணக்கு வேறு. சாதாரணக் காற்றிலுள்ள ஈரத்தில், பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதத்தை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும். லினன் 12 சதவீதம் வரை இழுக்கும். பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூடக் கிடையாது. வியர்வை துணிக்குள் போக வழியில்லாமல் தோலுக்கும் சட்டைக்கும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. கசகசப்புக்குக் காரணம் இதுதான்.

வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்து வாட்டும் பகுதி ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டம். அங்குள்ள பொந்தூரு என்ற ஊரில் இந்தப் பிரச்சினைக்குப் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது. கையால் நூற்று, கையால் நெய்த மெல்லிய கதர். அதன் நேர்த்தியைக் கேள்விப்பட்ட காந்தி, நேரில் பார்த்து வரும்படி தன் மகன் தேவதாஸை அனுப்பினார் என்பது ஊர் இன்றும் பெருமையாகச் சொல்லும் செய்தி.

இந்தத் துணி மீனிலிருந்து தொடங்குகிறது. மலைப் பருத்தி, புனாசப் பருத்தி எனும் உள்ளூர் ரகங்களைக் கொட்டையோடு எடுத்து, தெலுங்கில் வாலுக எனப்படும் ஆற்று மீனின் தாடை எலும்பால் சீவுகிறார்கள். அதிலுள்ள நுண்ணிய பற்கள்தான் சீப்பு. தூசும் சருகும் நீங்கி இழைகள் நேராகின்றன. பிறகு மரப்பலகையில் வைத்து இரும்புக் கம்பியை உருட்டிக் கொட்டையை நீக்குகிறார்கள். வில்லால் பஞ்சைக் கொட்டி, பட்டையாகச் சுருட்டி, காய்ந்த வாழைப்பட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக் கதிர் ராட்டையில் நூற்கிறார்கள். எல்லாம் பெண்கள் கையில் நடக்கும் வேலை. நெசவு அடுத்த கட்டம்.

இப்படிக் கிடைப்பது 100ஆம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இந்த நூலில் ஒரு பவுண்டை, அதாவது சுமார் 454 கிராமை, நீட்டினால் 76 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு முழுக்கைச் சட்டைக்கான துணியில் மட்டும் பாவும் ஊடையுமாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நூல் இருக்கிறது. அத்தனையும் விரல் நுனியில் நழுவி வந்த நூல். கைநூலில் ஏற்ற இறக்கம் இருப்பதால் இழைகளுக்கிடையே காற்று புகுந்து வெளியேறுகிறது. துவைக்கத் துவைக்கத் துணி மிருதுவாகிறது.

குறைகளும் உண்டு. உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். முதல் சலவையில் சுருங்கும். மில் துணியைவிட விலை அதிகம். அந்த அதிக விலையிலும் நூற்பவருக்குப் போய்ச் சேர்வது சொற்பமே. நாள் முழுவதும் ராட்டை முன் உட்கார்ந்தாலும் கூலி வேலைக்குப் போனால் கிடைப்பது கிடைக்காது. 1949இல் தொடங்கிய ஊர்ச் சங்கம் இந்தத் தொழிலைத் தாங்கிப் பிடித்து வந்திருக்கிறது. ஆனாலும் ராட்டை முன் இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், மகள்கள் வருவதில்லை. மீன் தாடையைப் பிடிக்கும் பக்குவம் புத்தகத்தில் படித்து வருவதல்ல. ஒரு தலைமுறை விட்டுப் போனால், இந்தத் துணியும் போய்விடும்.

வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்கள். 1956ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் கதர். மில் நூலில் நெய்தது கைத்தறித் துணியாகலாம், கதராகாது. கதர்க் கடையிலேயே விற்கும் பாலிவஸ்திராவில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. 2013இல் வந்த விதிமுறைகளின்படி, அசல் கதருக்குக் கதர் முத்திரை உண்டு; அதைக் கேட்டு வாங்கலாம். சந்தேகமிருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாகத் திரளும்.

36 அங்குல அகலமென்றால் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். தையற்காரரிடம் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துவது அவசியம். இதைச் செய்யாமல் தைத்துவிட்டு, மூன்றாம் வாரம் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை என்று கதரைத் திட்டுபவர்கள் ஏராளம்.

எல்லாச் சட்டையும் பொந்தூருக் கதராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அது கட்டுப்படியும் ஆகாது. தினசரி உழைப்புக்கு நல்ல பருத்தி பாப்ளின் போதும். ஆனால் பண்டிகைக்கோ கல்யாணத்துக்கோ ஒரு சட்டை எடுக்கும்போது, கையில் கசக்கியதும் சுருங்கியே நிற்கும் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று கண்ணில் பட்டால், உடனே ஒதுக்கிவிட வேண்டாம். மே மாத மதியத்தில் முதுகு அதை ஒதுக்காது.