மானியப் பொருளும் சோதனை அதிகாரியும்

அரசு ஒரு பொருளைக் குறைந்த விலைக்கு மக்களுக்கு அளிக்க முன்வரும்போது அதனுடன் மூவர் தோன்றுகின்றனர். பொருளைப் பெறுபவர் ஒருவர். அதனை விற்கும் கடைக்காரர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே முறை வழுவாது நடைபெறுகிறதா என்று பார்க்கும் அதிகாரி மூன்றாமவர். முதலிருவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மூன்றாமவரைப் பற்றிச் செய்தித்தாளில் நாம் காண்பது பெரும்பாலும் இன்ன ஊரில் இத்தனை டன் எண்ணெய் பிடிபட்டது என்னும் செய்தியே. பிடிப்பது அவர் பணியின் ஒரு கூறு மட்டுமே. அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அது நன்கு நடைபெற்றது என்பதை எதனைக் கொண்டு அளப்பது என்பவற்றை, ஜொகூர் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சட்டமும் பொருளும்

மலேசியாவில் இப்பணிக்கு அடிப்படையாக அமைந்தது 1961ஆம் ஆண்டின் வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்கீழ் 1974இல் விதிகள் வகுக்கப்பட்டன. சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், பெட்ரோல், டீசல் முதலியன கட்டுப்பாட்டுப் பொருள்களாக வைக்கப்பட்டன. இவற்றை மொத்தமாகக் கையாள்வோர் உரிமம் பெறவேண்டும்; வரவு செலவுக்கு ஏடு வைத்திருக்கவேண்டும். விலையைப் பொறுத்தமட்டில், 1946ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2011இல் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் வந்தது. இச்சட்டங்களை நடைமுறைப்படுத்துவது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. அதன் அமலாக்க அதிகாரிகள் கடைகளிலும் கிடங்குகளிலும் நுழைந்து பார்க்கவும், ஏடுகளைக் கேட்டு வாங்கவும், ஐயத்துக்குரிய சரக்கைக் கைப்பற்றவும் அதிகாரம் பெற்றவர்கள்.

மானியத்தின் எல்லை நாளடைவில் குறுகி வந்துள்ளது. 2013 அக்டோபர் 26ஆம் நாள் சீனிக்கான மானியம் நீக்கப்பட்டது. 2016 நவம்பர் 1 முதல் சமையல் எண்ணெய்க்கான மானியம் ஒரு கிலோ பொட்டலத்துக்கு மட்டும் என்றாயிற்று. அதன் விலை 2 வெள்ளி 50 காசு. அதே செம்பனை எண்ணெய் போத்தலில் அடைக்கப்பட்டால் சந்தை விலைக்கே விற்கப்படும். ஆதலின் பொட்டலம் என்பது வெறும் உறையன்று. ஏழை வீட்டு அடுப்புக்கு அரசு தரும் உதவி, எண்ணெய் வடிவில் அதனுள் இருக்கிறது.

அதன் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் 60,000 டன் என்பது இத்திட்டத்துக்கு அரசு அறிவித்த ஒதுக்கீடு. அது 6 கோடிப் பொட்டலங்கள். நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 3 கோடி 40 லட்சம். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் மாதம் ஒன்றே முக்கால் கிலோ. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு எட்டுப் பொட்டலங்களுக்கு மேல் வருகிறது. இருந்தும், கடைக்குச் சென்றவர் பொட்டலம் தீர்ந்துவிட்டது என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்புவது உண்டு. கணக்கில் நிறைந்தும் அடுக்கில் குறைந்தும் இருக்குமாயின், இடையில் எங்கோ கசிவு இருக்கிறது என்று எண்ண இடமுண்டு.

கசிவு எங்கே?

பொட்டலம் வீட்டை அடையுமுன் நான்கு கை மாறுகிறது. சுத்திகரிப்பு ஆலை, பொட்டலமிடும் நிறுவனம், மொத்த வணிகர், சில்லறைக் கடை என்பன அவை. பொதுமக்கள் கண்ணுக்குப் புலப்படுவது கடைசிக் கை மட்டுமே. ஆகவே பழியும் அங்கேயே விழுகிறது. ஆனால் சில்லறைக் கடையில் மறையக்கூடியது பத்து இருபது பொட்டலம். மேலே செல்லச் செல்ல அது டன் கணக்காகிறது. பொட்டலமிட்டதாக ஏட்டில் எழுதி, எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றித் தொழிற்சாலைக்கு விற்பது ஒரு வழி. பொட்டலங்களை அறுத்துத் தொட்டியில் கொட்டி எல்லை கடத்துவது மற்றொரு வழி. அண்மைக் காலத்தில் மூன்றாவது வழியொன்றும் பேசப்படுகிறது. பொரித்துக் கழிந்த பழைய எண்ணெய் விமான எரிபொருள், உயிர் டீசல் ஆகியவற்றுக்கு மூலப்பொருளாகி, சில காலங்களில் மானியப் புது எண்ணெயைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. பழையது புதியதைவிட விலை உயர்ந்தால், புதியதைப் பழையதாகக் காட்டி விற்க ஒருவனுக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

ஜொகூரில் இந்த ஆசைக்கு வாய்ப்பு மிகுதி. பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலைகளும் சேமிப்புத் தொட்டிகளும் துறைமுகத்தை ஒட்டியே உள்ளன. தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் மேற்கே இருக்கிறது. சிங்கப்பூருக்குச் செல்ல 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலமும், 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்பும் உள்ளன. பொருள் விளையும் இடமும் வெளியேறும் வாயிலும் ஒரே மாநிலத்தில் அமைந்தமையால், இங்குள்ள அதிகாரி கடை அடுக்கை மட்டும் பார்த்துத் திரும்பினால் அவர் வேலை பாதியே முடிந்ததாகும்.

ஏடு பேசும் முறை

சோதனையின் உயிர் ஒப்புநோக்கல். ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் இருப்பு 120 பொட்டலம். மொத்த வணிகரிடமிருந்து வந்தது 340. விற்றதாக ஏடு சொல்வது 400. அப்படியாயின் இருக்கவேண்டியது 60. அதிகாரி எண்ணும்போது 40 மட்டுமே இருக்கின்றன. இருபது காணோம்.

இந்த இருபது திருட்டைக் காட்டுகிறதா? உடனே சொல்லிவிட முடியாது. மெல்லிய உறை கிழிந்து ஒழுகியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், கூட்டமான நாளில் விற்றதை எழுத மறந்திருக்கலாம். கிழிந்த உறைகளை எடுத்து வைத்திருக்கிறாரா, சென்ற மாதங்களிலும் இதே அளவு குறைந்ததா என்று கேட்டபின்னரே முடிவுக்கு வரவேண்டும். மாறாக, வேறொரு கடையில் ஏடு ஒரு பொட்டலம் பிசகாமல் சரியாக இருக்கும். ஆனால் ஒரே நாளில் 200 பொட்டலம் விற்றதாகவும் மற்ற நாள்களில் எதுவும் விற்கவில்லை எனவும் அதில் காணப்படும். குடும்பங்கள் அப்படி வாங்குவதில்லை. கூட்டல் சரி, நடைமுறை சரியன்று. தேர்ந்த அதிகாரி எண்ணோடு அந்த நடையையும் படிக்கிறார்.

இதன்பின் அவர் மேல்நோக்கிச் செல்லவேண்டும். கடைக்காரர் வாங்கியதாகச் சொல்லும் 340, மொத்த வணிகர் ஏட்டில் அதே நாளில் அதே 340 ஆக இருக்கிறதா? அங்கே 540 என்றிருந்தால், இருநூறு பொட்டலம் எந்தக் கடைக்கும் போகாமலே போன கதை வெளிவரும். குற்றம் கடைக்காரர்மீது இல்லை என்பதும் அப்போதே தெளிவாகும். ஆகவே முறையான சோதனை, நேர்மையான வணிகருக்குப் பாதுகாப்பும் ஆகிறது.

அதே கருவி, வேறு நோக்கம்

உணவுச் சோதனை ஜொகூர்த் தமிழர்க்குப் புதியதன்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 1950இல் பிரிக்ஸ் வகுத்த திட்டம் ஜொகூரில்தான் முதலில் தொடங்கிற்று. 1951இல், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு எட்டாதபடி செய்யும் நடவடிக்கை வலுப்பெற்றது. பால் மரம் வெட்டச் செல்லும் தொழிலாளர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். பகலுணவை எடுத்துச் செல்லத் தடை இருந்தது. கடைக்காரர் விற்ற அரிசிக்கும் தகரத்தில் அடைத்த உணவுக்கும் கணக்கு எழுதவேண்டியிருந்தது. தகர டப்பாக்களை விற்கும்போதே துளையிட்டுக் கொடுத்தனர், சேமித்து வைக்க முடியாதபடி. பின்னாளில் சில பகுதிகளில் அரிசியை வீட்டில் வைக்கவிடாமல் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி அளந்தனர். சோறு விரைவில் கெட்டுவிடும் என்பதே அதன் காரணம். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது.

அன்றும் அட்டை, ஏடு, தராசு. இன்றும் அட்டை, ஏடு, தராசு. அன்றைய அதிகாரி, உணவு யாரைச் சேரக்கூடாது என்று கேட்டார். உதவித் திட்டத்தின் அதிகாரி, உணவு யாரைச் சேரவேண்டும் என்று கேட்கவேண்டியவர். கேள்வி மாறாமல் கருவி மட்டும் கைமாறினால், உதவித் திட்டமும் பழைய வாயிற் சோதனையாகவே மக்களுக்குத் தோன்றும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் முதல் உணவு முத்திரைத் திட்டம் 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் தொடங்கிற்று. செம்மஞ்சள் முத்திரையை விலை கொடுத்து வாங்குபவர்க்கு, அதில் பாதி மதிப்புக்கு நீல முத்திரை இலவசமாகக் கிடைத்தது. அதனைக் கொண்டு மிகையாக விளைந்த உணவுப் பொருளை மட்டும் பெறலாம். அதே ஆண்டு அக்டோபரில் விதி மீறிய முதல் கடைக்காரர் பிடிபட்டார். உதவி பிறந்து ஐந்தே மாதத்தில் மீறலும் பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் தாயகத்தில் மறுபக்கத்தைக் காணலாம். சென்னை மாநிலத்தில் 1952 ஜூனில் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் நீக்கினார். பிற்காலத்தில் தமிழ்நாடு நியாய விலைக் கடைகளை ஊர்தோறும் கண்டது. 1997இல் இந்திய அரசு, வறுமைக் கோட்டைக் கொண்டு மக்களைப் பிரித்துப் பங்கீடு செய்யும் முறையைப் புகுத்தியபோது, தமிழ்நாடு எல்லார்க்கும் பொதுவான முறையையே தொடர்ந்தது. பிரித்துக் கொடுக்கும் முறை தகுதியுள்ள ஏழைகளையே வெளியே தள்ளிவிடுகிறது எனப் பொருளியல் அறிஞர் மதுரா சுவாமிநாதன் எடுத்துக்காட்டியுள்ளார்.

இருவகைப் பிழை

இதிலிருந்து ஒரு பொது உண்மை பெறப்படுகிறது. பங்கீட்டில் நேரும் பிழை இருவகைப்படும். பெறத்தகாதார் பெறுவது ஒன்று. பெறத்தக்கார் பெறாமற்போவது மற்றொன்று. முதற்பிழை கண்ணுக்குத் தெரியும். கைப்பற்றலாம், படம் எடுக்கலாம், எடை போடலாம். இரண்டாவது பிழைக்கு உருவமில்லை. வெறுங்கையுடன் திரும்பிய மூதாட்டியின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதனால், பிடிபட்டவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஓர் அதிகாரியின் திறமையை அளந்தால், அவர் இயல்பாகவே முதற்பிழையின் பின்னே ஓடுவார்.

புதிய திட்டங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் ஏறத்தாழ 2 கோடி 20 லட்சம் பேருக்கு, அவ்வாண்டு இறுதிக்குள் செலவிடும்படி ஆளுக்கு 100 வெள்ளி மைகார்டு வழியாக அளிக்கப்பட்டது. அரிசி, முட்டை, எண்ணெய் முதலாக 14 வகைப் பொருள்களை அதனால் வாங்கலாம். எது வாங்கத்தக்கது என்பதைக் கடையின் இயந்திரமே சொல்லிவிடும். ஆனால் இயந்திரம் அறியாதவை உண்டு. பொருள் கொடாமல் தள்ளுபடியில் ரொக்கம் கொடுத்தார்களா, விலையை உயர்த்தினார்களா என்பதை ஆள்தான் சென்று பார்க்கவேண்டும். முதல் நாளில் ஒரே நேரத்தில் பலர் திரண்டமையால் இணைப்புத் தடைப்பட்டுப் பலர் காத்து நின்றனர். அதுவும் சோதனைக்குரிய செய்தியே. இன்னொன்று நம் சமுதாயத்தைத் தொடுவது. மலேசியாவிலேயே வாழ்ந்து முதுமையடைந்தும் சிவப்பு அடையாள அட்டையுடன் இருக்கும் தமிழ் முதியோர் உளர். குடியுரிமை ஆவணமே இல்லாதாரும் உளர். மைகார்டு இல்லார்க்கு இத்தகைய திட்டத்தில் இடமில்லை. அதிகாரி விதியை மாற்ற முடியாது. ஆனால் இன்ன இடத்தில் இத்தகையோர் விடுபடுகின்றனர் என்று அறிக்கையில் எழுத முடியும். அந்த ஒரு வரி, கைப்பற்றிய பத்துப் பீப்பாய்க்கு ஒப்பாகும்.

குறள் காட்டும் அடைவு

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் பொருட்பாலின் அதிகார வரிசையை நினைவுகூர்வர். 57ஆம் அதிகாரம் வெருவந்த செய்யாமை, 58 கண்ணோட்டம், 59 ஒற்றாடல். குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையும், பழகியவர்மாட்டுக் காட்டும் இரக்கமும், மறைந்து நின்று உண்மை அறிதலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கண்ணோட்டத்தைப் போற்றும் வள்ளுவர், அது மேற்கொண்ட தொழிலுக்குக் கேடு செய்யாதிருத்தல் வேண்டும் என்றும் எல்லை வகுக்கிறார். அன்றாடம் தேநீர் கொடுத்து உபசரிக்கும் கடைக்காரரின் ஏட்டை விரித்துப் பார்க்கவேண்டிய அதிகாரிக்கு இவ்வெல்லை எவ்வளவு இன்றியமையாதது என்பதை விளக்கவேண்டியதில்லை.

சோதனை அதிகாரியின் பணி ஒற்றாடலில் தொடங்கலாம். அதிலேயே முடிதல் ஆகாது. வெருட்டாமல் கேட்டு, பழக்கத்துக்கு வளையாமல் எழுதி, பிடிபட்டதோடு விடுபட்டதையும் கணக்கில் கொண்டு வருபவரே முறைசெய்பவர் ஆவார். குளுவாங்கிலோ கூலாயிலோ ஒரு சிறு கடையில், மாதக் கடைசியில் வந்து நிற்கும் ஒருவருக்கும் ஒரு பொட்டலம் எஞ்சியிருக்குமாயின், அவர் வேலை செவ்வனே நடந்தது என்பதற்கு அதுவே சான்று.