குதிகாலைத் திருப்பினால் திறக்கும் பூட்டு

பனிச்சறுக்கில் காலெலும்பு முறிவதற்கு முறுக்கு ஒரு முக்கியக் காரணம். காலோடு கட்டிய நீளப் பலகை பனியில் சிக்கி ஒரு பக்கம் திரும்பும். உடல் தன் வேகத்தில் இன்னொரு பக்கம் போகும். நடுவில் அகப்பட்ட கணைக்கால் எலும்பு சுருள்வாக்கில் பிளந்துவிடும். பிரான்சின் நெவேர் நகரத்தில் லுக் நிறுவனத்தைத் தொடங்கிய ழான் பெய்ல், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய பிணைப்பு, சறுக்குபவர் குதித்தாலும் எம்பினாலும் பூட்ஸை விடாது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் முறுக்கு வந்ததும் தானாகவே விட்டுவிடும்.

1984இல் அதே நிறுவனம் அந்த எண்ணத்தை சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்தே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்தாவது முறையாக வென்றார். அதற்கு முன் பந்தயக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் காலை எஃகுக் கூண்டுக்குள் நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிற்க வேண்டுமென்றால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். இத்தாலியின் சினெல்லி 1971இல் வாரில்லாத பெடல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் காலை விடுவிக்கக் கையால் ஒரு நெம்புகோலை நகர்த்தியாக வேண்டியிருந்தது. காலைப் பிடித்துவைப்பது ஒருபோதும் கடினமான வேலையாக இருந்ததில்லை. கை உதவியில்லாமல், விழப்போகும் அந்தக் கணத்தில், கால் தானே வெளியே வருவதுதான் கடினம். வேலைக்கு சைக்கிளில் போகிறவர் கிளிப்லெஸ் எனப்படும் இந்த வகைப் பெடலை முதன்முதலாக வாங்கும்போது எடையையும் பளபளப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது காலை எப்படி விடுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

அந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் அழகானது. ஷூவின் அடியில், பெருவிரல் மூட்டுக்குச் சற்றுப் பின்னால், கிளீட் என்ற சின்ன உலோகத் துண்டு திருகப்பட்டிருக்கும். பெடலில் முன்னும் பின்னுமாக இரண்டு கொக்கிகள். கிளீட்டின் மூக்கை முன்கொக்கிக்கு அடியில் செருகி மிதித்தால், ஸ்பிரிங் வைத்த பின்கொக்கி விலகி வழிவிட்டு, 'டக்' என்று மேலே வந்து மூடிக்கொள்ளும். இனிக் காலை நேராக மேலே இழுத்தால் அந்த விசை கொக்கியின் உதட்டில் மோதி நின்றுவிடும், ஸ்பிரிங்குக்குப் பெரிதாகப் போகாது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் நடப்பது வேறு. கிளீட்டின் சரிந்த ஓரங்கள் ஆப்பு போல நுழைந்து பின்கொக்கியைத் தள்ளித் திறந்துவிடுகின்றன. குதிகால் கிளீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் பின்னால் இருக்கிறது. பூட்டின் அகலமோ இரண்டு மூன்று சென்டிமீட்டர். இந்த நெம்புகோல் கணக்கால்தான், மேல்நோக்கிய பலத்த இழுப்புக்கு மசியாத கொக்கி, குதிகாலின் சின்னத் திருப்பலுக்குத் திறந்துகொள்கிறது. ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.பி.டி. வகைப் பெடல்களில் சுமார் 13 பாகை திருப்பினால் போதும்.

எதற்காகக் காலைப் பூட்ட வேண்டும்? மிதிப்பதோடு மேலேயும் இழுக்கலாம், அதனால் சுற்று முழுவதும் சக்தி கிடைக்கும் என்பது பரவலான பதில். கேட்க நியாயமாக இருக்கிறது, அளந்து பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. பெடலில் விசைமானி பொருத்தி 1991இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த பந்தய வீரர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மேலே இழுக்கவில்லை, கீழே மிதிக்கும்போதுதான் அதிக விசை கொடுத்தார்கள். 2007இல் வந்த இன்னோர் ஆய்வில் வேண்டுமென்றே மேலே இழுக்கச் சொன்னார்கள். விசை சுற்று முழுவதும் சீராகப் பரவியது, ஆனால் அதே வேலைக்கு உடல் செலவழித்த ஆற்றல் கூடிப்போனது.

காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். சாதாரண ஓட்டத்தில் மேலே வருகிற கால் தன் எடையையே முழுதாகத் தூக்கிக்கொள்வதில்லை, மறுபக்கம் மிதிபடும் பெடல்தான் அதையும் சேர்த்துத் தூக்குகிறது. தொடையின் முன்பக்கத்திலும் பிட்டத்திலும் உள்ள பெரிய தசைகள் காலை நீட்டித் தள்ளுவதற்கென்றே வளர்ந்தவை. மடக்கித் தூக்கும் தசைகள் அவற்றைவிடச் சிறியவை. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும்போதும் செங்குத்தான ஏற்றத்திலும் அந்த இழுப்பு உதவும். தினமும் அலுவலகம் போய்வரும் சீரான ஓட்டத்தில் அதனால் சக்தி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனாலும் நான் இந்தப் பெடலைப் பரிந்துரைக்கிறேன். மழையில் நனைந்த பெடலில் கால் வழுக்காது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது பாதம் துள்ளி இடம் மாறாது. வேகமாகச் சுற்றும்போது பெடலின் மேல் காலை நிறுத்திவைப்பதற்கென்று தனியாகத் தசை இறுக வேண்டியதில்லை. விறைப்பான அடி கொண்ட ஷூ, மிதிக்கும் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டியபின் உள்ளங்காலில் வித்தியாசம் தெரியும். 10 கிலோமீட்டருக்கு மேல், ஓரளவு தடையில்லாத சாலையில் தினமும் போகிறவருக்கு இவை உண்மையான வசதிகள். நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் சந்தைத் தெரு மட்டுமே உங்கள் வழியென்றால், சொரசொரப்பான நல்ல தட்டைப் பெடலே மேல்.

வாங்குவதென்றால் இரண்டு குடும்பங்கள் கண்ணில் படும். மூன்று திருகுகளில் பெரிய முக்கோணக் கிளீட் மாட்டுவது சாலைப் பந்தயத்துக்கானது. கிளீட் ஷூவின் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பதால், அலுவலகப் படிக்கட்டில் குதிகாலால் நடக்க வேண்டியிருக்கும், பளிங்குத் தரையில் வழுக்கும். இரண்டு திருகுகளில் சின்ன எஃகுக் கிளீட் மாட்டுவது, ஷிமானோ 1990இல் மலைப்பாதை சைக்கிளுக்காகக் கொண்டுவந்த எஸ்.பி.டி. வழி. சேற்றில் இறங்கிச் சுமந்து நடக்க வேண்டியவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. கிளீட் ஷூவின் ரப்பர் அடிக்குள் பள்ளத்தில் புதைந்திருக்கும், சாதாரண ஷூ போலவே நடக்கலாம். வேலைக்குப் போகிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அதிலும் ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் தட்டையும் உள்ள பெடல், முதல்முறை வாங்குகிறவருக்கு மிகப் பொருத்தம். மாலையில் செருப்போடு தெருமுனைக் கடைக்குப் போகலாம், நெரிசலில் தட்டைப் பக்கத்தை மிதித்துக்கொண்டே ஊரலாம், சாலை திறந்ததும் பூட்டிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் காலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பது ஒரு குறைதான், பழகிவிடும். பின்கொக்கியின் ஸ்பிரிங்கைத் தளர்த்த ஒரு சின்னத் திருகு இருக்கும். இடஞ்சுழியாகத் திருப்பி, போகும் மட்டும் தளர்த்திவிடுங்கள். கிளீட்டிலும் வகைகள் உண்டு. பெடலோடு பெரும்பாலும் வரும் கறுப்பு எஸ்.எச்.51 பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். வெள்ளி நிறத்து எஸ்.எச்.56 வேறு திசைகளிலும், பலமாக மேலே இழுத்தால்கூட, விட்டுவிடும். பதற்றத்தில் மனிதன் குதிகாலைத் திருப்புவதில்லை, காலை மேலேதான் உருவுகிறான். அந்த இயல்புக்கு இடம் கொடுக்கும் எஸ்.எச்.56ஐத் தனியாக வாங்க நேர்ந்தாலும் வாங்கிவிடலாம்.

விழுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, சிக்னலில். ஓடும் சைக்கிள் சாயும்போது நாம் அறியாமலே ஹேண்டில்பாரை அந்தப் பக்கமே திருப்புகிறோம். சக்கரங்கள் உருண்டுபோய், சாயும் உடலுக்கு அடியில் நின்றுகொள்கின்றன. வேகம் குறையக் குறைய அதே பலனுக்கு ஹேண்டில்பாரை மேலும் மேலும் அதிகமாகத் திருப்ப வேண்டும். சைக்கிள் நின்றுவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் உருண்டுபோக வழியில்லை. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், 2 பாகைச் சாய்வில் நிற்கும் சைக்கிள் 15 பாகைக்குச் சரிய ஒரு நொடிகூட ஆகாது. சாய்வு கூடக் கூடச் சரியும் வேகமும் கூடும். அந்த ஒரு நொடிக்குள் நினைவு வந்து, குதிகால் திரும்பி, பாதம் தரையைத் தொட வேண்டும்.

ஆகவே நிற்பதற்கு முன்பே, சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே காலை விடுவித்துவிட வேண்டும். பெடல் அடிப்புள்ளிக்கு வரும்போது கால் நீண்டிருக்கும், குதிகால் எளிதாகத் திரும்பும். நம் ஊரில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் நடைபாதை இடது கையோரம் இருக்கும். இடது காலையே எப்போதும் முதலில் விடுவிப்பது என்று பழகிக்கொள்வது நல்லது. விடுவித்த பக்கமே உடலையும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். இடது காலை விடுவித்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்தால் பூட்டிய காலோடு விழுவீர்கள். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் யோசிக்காமல் வரும்வரை பூட்டித் திறந்து பாருங்கள். பிறகு ஆளில்லாத மைதானம், அதன்பிறகு சாலை. சாலையிலும் முதல் சில நாட்கள் வலது காலை மட்டும் பூட்டிக்கொண்டு போகலாம்.

கிளீட்டைப் பொருத்தும் கோணத்தைப் பொறுத்தது முழங்காலின் நலம். நடக்கும்போது சிலருக்குப் பாதம் வெளிப்பக்கம் விரியும், சிலருக்கு நேராகப் போகும். முழங்கால் மடங்கி நீளும்போது கணைக்கால் எலும்பும் தன் அச்சில் சிறிது சுழல்கிறது. பாதத்தை அசையவிடாமல் ஒரே கோணத்தில் பூட்டினால் அந்தச் சுழற்சியை மூட்டுதான் தாங்க வேண்டும். லுக்கின் முதல் பெடல்களில் இந்தச் சிக்கல் இருந்தது. 1987இல் தொடங்கப்பட்ட டைம் என்ற புது நிறுவனத்தின் பெடலில், பூட்டுக்குள்ளேயே பாதம் கொஞ்சம் திரும்ப இடம் வைத்தவரும் அதே ழான் பெய்ல்தான். எஸ்.பி.டி.யில் அந்த அசைவு சுமார் 4 பாகை. உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எப்படி நிற்கிறதோ, அந்தக் கோணத்தில் கிளீட்டைத் திருகத் தொடங்குங்கள். முழங்காலில் வலி தெரிந்தால் அந்தக் கோணத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பெடலை கிராங்கில் மாட்டும்போது இன்னோர் அதிசயம் காத்திருக்கிறது. வலது பெடலின் மரை வழக்கமானது, இடது பெடலின் மரை தலைகீழ். பெடலின் உள்ளே இருக்கும் பேரிங்கின் உராய்வு, கிராங்கில் திருகிய தண்டைச் சுழற்றிக் கழற்றாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அந்த உராய்வு, இப்போதிருக்கும் மரையில் பெடலைக் கழற்றும் திசையில்தான் இழுக்கிறது. ஆனாலும் பெடல் கழல்வதில்லை. தண்டுக்கும் துளைக்கும் நடுவே முடியளவு இடைவெளி உண்டு. மிதிக்கும் விசை எப்போதும் கீழ்நோக்கி இருக்க, கிராங்க் சுற்றுவதால் தண்டு துளையின் சுவரில் அழுந்தும் இடம் சுற்றிச் சுற்றி நகர்கிறது. பெரிய வளையலுக்குள் சின்ன வளையலை வைத்து உருட்டிப் பாருங்கள். தொடும் இடம் ஒரு திசையில் போக, சின்ன வளையல் எதிர்த்திசையில் சுழலும். பெடல் தண்டும் துளைக்குள் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில், உருள்கிறது. பேரிங்கின் உராய்வைவிட இந்த உருளல் பலமானது. ஒவ்வொரு மிதியும் பெடலை இறுக்கும் திசையில் தள்ளுகிறது, அதற்காகத்தான் இடது மரை தலைகீழாக வெட்டப்படுகிறது.

மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். பிறகு ஸ்பேனரை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளின் முன்சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் இறுகும், பின்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் கழலும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்கு.