பரணிலிருந்த ஏடுகள்

"எங்கள் வீட்டிலும் ஏடுகள் இருந்தன" என்று இறந்தகாலத்திற் கூறி வருந்துவோர் யாழ்ப்பாணத்திலே பலர். வாகடம், சோதிடம், புராணம் முதலியன பனையோலையில் எழுதப்பெற்று, மஞ்சள் பூசிச் சட்டங்களிடையே கட்டிப் பரணில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எறிந்தோர் அறிவிலிகள் அல்லர். ஓலை சில தலைமுறைகளே நிலைக்கும். செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதுவதே அதனைக் காக்கும் வழி. அச்சுப் புத்தகம் வந்ததும் அவ்வழக்கம் ஓய்ந்தது. வாசிப்பாரும் அருகினர். எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென்று புள்ளியிடாது எழுதினர். எகர ஏகாரங்களுக்கு வேற்றுமையில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. தேர்ந்த பண்டிதரும் இவ்விடத்தில் தயங்குவர். பொருளுணர்ந்து படிப்போர்க்கே அது நூல். ஏனையோர்க்கு வெறும் ஓலைக்கட்டு. ஆதலின், வீடு வேயும்போது குப்பையோடு போயிற்று.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இத்தகைய கட்டுகளையே தேடிப்பெற்று ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பதிப்பிப்போர்க்கு ஒரே நூலின் பிரதிகள் பல வேண்டும். ஒன்றிற் சிதைந்த அடி மற்றொன்றில் இருத்தல் கூடும். ஆகவே, "இந்நூல் அச்சில் உண்டே" என்று கழித்துவிட்ட ஏடும் இழப்பேயாம். நூலகஞ் சேர்ந்தனவும் எல்லாம் தப்பவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த சுவடிகளும் சாம்பலாயின.

இன்னும் ஒரு கட்டு எவர் இல்லத்திலேனும் கிடக்குமாயின், கயிற்றை இழுத்து அவிழ்த்தலும் வெயிலிற் காயவைத்தலும் தகா, ஓலை முறிந்துவிடும். உள்ளவாறே துணியிற் சுற்றி, சுவடி வாசிக்க வல்லார் ஒருவரிடம் முதலிற் காட்டுக.