நீரிழிவும் நண்பர் குழுவும்

ஆடித்தபசுத் திருநாளில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் வெறுங்காலுடன் நடப்போர் பல்லாயிரவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். மாலையில் வீடு திரும்பித் திண்ணையில் அமர்ந்தபோது, எதிர்வீட்டு நெசவாளர் என் பாதத்தைக் கண்டு திடுக்கிட்டார். “அண்ணாச்சி, காலில் என்ன இது?” என்றார். உள்ளங்காலில் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்கோ வலி சிறிதும் இல்லை.

வலி இல்லாமை அங்கே நற்செய்தி அன்று. எனக்கு நீரிழிவு கண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டாரைத் தவிர வேறு எவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அன்று வேறு வழியின்றிச் சொன்னேன். நெசவாளர் குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ஐந்து வருஷமாக இருக்கிறது. தினமும் படுக்குமுன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வேன்” என்றார். எதிரெதிர் வீட்டில் வாழ்ந்த நாங்கள் இருவரும் ஒரே நோயை ஒருவருக்கொருவர் மறைத்து வந்திருக்கிறோம்! அப்புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. அவர் அறிந்திருந்த சிறு பழக்கத்தை முன்பே கேட்டறிந்திருந்தால், அந்த ஆறு வாரத் துன்பம் எனக்கு நேர்ந்திராது.

மாணவ நண்பர்களே, இந்நோயின் இயல்பைச் சற்றுக் காண்போம். நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைகளுக்குள் புகத் துணைபுரிவது கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. அதனை ஈடுகட்ட மிகுதியாக உழைக்கும் கணையமும் நாளடைவில் தளர்கிறது. தசைக்குள் செல்லவேண்டிய சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லி இரத்தத்தில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு சோதனையும் அதனை உறுதி செய்தால், அது நீரிழிவு ஆகும். தேங்கிய சர்க்கரை பல்லாண்டுகளில் கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றைக் கெடுக்கிறது. பாதத்து நரம்பு கெட்டால் சூடும் முள்ளும் தெரிவதில்லை. எனக்கு நேர்ந்தது அதுவே.

இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியிட்டது. இத்துணைப் பேருக்கும் வேண்டிய அறிவுரை நால்வரும் அறிந்ததே: அளவாக உண், நட, மருந்தைத் தவறவிடாதே. அறிவதில் குறை இல்லை. நாள்தோறும் செய்வதில்தான் குறை. ஒரு கணக்குப் பாருங்கள். மாதம் ஒருமுறை மருத்துவரைப் 10 நிமிடம் காண்பவர், ஆண்டுக்கு 2 மணி நேரம் அவருடன் இருக்கிறார். ஆண்டில் உள்ள மணிகளோ 8,760. எஞ்சிய 8,758 மணி நேரமும் நோயாளி தம் அடுப்படியிலும், தறியருகிலும், கலியாணப் பந்தியிலும் தாமே முடிவு செய்கிறார். அவ்வேளைகளில் துணை யார்?

இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சி ஒன்று நமக்கு மேற்கே, மலைக்கு அப்பால் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வரும் அபாயம் மிகுந்த 1,007 பேரை ஆய்வில் சேர்த்தனர். பாதிப் பகுதிகளில் வழக்கமான அறிவுரை ஏடு மட்டும் கொடுத்தனர். மற்றப் பகுதிகளில் அண்டை வீட்டார் குழுவாகக் கூடினர். அவர்களுள் சிலரே பயிற்சி பெற்றுக் குழுவை நடத்தினர். ஓராண்டு காலம் உணவும் நடையும் பற்றிப் பேசி, ஒருவர்க்கொருவர் ஊக்கம் அளித்தனர்.

2018-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டுகளில் குழுவில் இருந்தோருள் 100-க்கு 14.9 பேருக்கும், மற்றவருள் 17.1 பேருக்கும் நீரிழிவு வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே புள்ளியியலின் தீர்ப்பு. எனினும் குழுவினர் காய்கனிகளை மிகுதியாக உண்டனர். மதுப்பழக்கமும் அவர்களிடம் குறைந்தது. ஆய்வாளர்கள் இதனை மறையாமல் எழுதியது பாராட்டத்தக்கது. குழு என்பது மந்திரக்கோல் அன்று. பழக்கத்தை மாற்ற அது கைகொடுக்கும். பலன் முழுமையாக விளையக் காலமும் மருத்துவமும் உடன் வேண்டும். ஏற்கெனவே நீரிழிவு உடையோரைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், இத்தகைய துணையால் சர்க்கரை அளவு சிறிதளவு குறைவதையே காட்டுகின்றன. ஆயினும் வாழ்நாள் முழுவதும் தொடரும் நோயில் சிறிதளவும் பெரிதே.

எங்கள் தெருவில் நால்வர் சேர்ந்தோம். விடியுமுன் சேர்ந்தே நடப்போம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கதவைத் தட்டுவோம். ஞாயிறுதோறும் அந்த வாரத்துச் சர்க்கரை அளவை ஒளியாமல் சொல்வோம். ஏறியவரை எவரும் ஏளனம் செய்வதில்லை. மயக்கமும் நடுக்கமும் வியர்வையும் கண்டால், சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கலாம் என்று உணர்ந்து உடனே இனிப்புக் கொடுக்கக் கற்றோம்.

குழுவிலும் ஆபத்து உண்டு. எங்களுள் ஒருவர், யாரோ புகழ்ந்த கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் சர்க்கரை ஏறி மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. நண்பன் சொல்லும் தவறு, அந்நியன் சொல்லும் தவற்றினும் எளிதில் நம்பப்படுகிறது. அன்று ஒரு விதி வகுத்தோம்: நடையும் உணவும் நம் பேச்சு, மருந்தின் அளவு மருத்துவர் பேச்சு.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இந்நோய் உடையவர் இருக்கலாம். அவருடைய தட்டைக் காவல் காக்காதீர்கள். அவருடன் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். உங்களுக்கும் அதில் ஆதாயம் உண்டு. வயது, இடுப்பின் சுற்றளவு, பெற்றோர்க்கு நோய் இருத்தல், உடலுழைப்பு ஆகிய நான்கைக் கொண்டு அபாயத்தை மதிப்பிடும் முறையைச் சென்னை ஆய்வாளர்கள் வகுத்திருக்கின்றனர். அவற்றுள் இடுப்பும் உழைப்பும் உங்கள் கையில் இருக்கின்றன.

இவ்வாண்டும் ஆடித்தபசுக்குச் சென்றேன். ரத வீதியில் செருப்பணிந்தே நடந்தேன். கல் சூடேறுமுன் கோவிலுக்குள் சென்று திரும்பினேன். பின்னர் நெசவாளரும் நானும் திண்ணையில் அமர்ந்து, கண்ணாடி வைக்காமல், ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துக்கொண்டோம்.