மண்ணைத் தொட்டு – 12: வண்டலோடு வருகிறவை

ஏரி வற்றியதும் வண்டல் அள்ளி வயலில் கொட்டுவது திருவள்ளூர் மாவட்டத்தில் தலைமுறை வழக்கம். 2024 முதல் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கி, காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் டிராக்டரிலிருந்து இறங்கும் வண்டலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ஷாம்பு சாஷே, பால் கவர், தண்ணீர் பாக்கெட், பிரிந்துபோன சிமென்ட் சாக்கின் நார். கூடவே, கண்ணில் படாமல் வேலிகாத்தான் விதை.

சீமைக்கருவேலத்தைத்தான் இந்தப் பக்கம் வேலிகாத்தான் என்கிறார்கள். விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பையில் விதைத்தது வெள்ளைக்காரர்களின் வனத்துறை. அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டியதில்லை. அதை வெட்டிக் கரி சுட்டுத்தான் பல இருளர் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் வயலுக்குள் வந்துவிட்டால் அது வேறு கதை. காய் இனிப்பு என்பதால் ஆடு மாடு விரும்பித் தின்னும். சதை செரிக்கும், விதை செரிக்காது. வயிற்றுக்குள் போய் வந்ததில் அதன் கெட்டித் தோல் இளகிவிடுவதால், சாணியில் விழுந்த விதை முன்னைவிடச் சுலபமாக முளைக்கும். கிடை போட்ட நிலத்திலும் அரைகுறையாக மக்கிய எரு கொட்டிய நிலத்திலும் கன்று கன்றாகக் கிளம்புவது இதனால்தான்.

பார்த்தீனியமும் வண்டலோடும் அரைகுறை எருவோடும் வருகிறது. 1950களில் புனே பக்கம் தலைகாட்டிய செடி இது, அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். ஒரே செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் கொட்டும். அதிலுள்ள பார்த்தினின் என்ற நச்சு, பக்கத்தில் மற்ற விதைகள் முளைப்பதையே தடுக்கும். பூப்பதற்கு முன் பிடுங்கி எருக்குழியில் போட்டால் நல்ல தழைச்சத்து. பூத்த பிறகு போட்டால், அடுத்த வருஷக் களைக்கு நாமே விதைத்த மாதிரி.

பிளாஸ்டிக் சங்கதிக்கு வருவோம். நிலக்கடலைச் செடியில் பூ உதிர்ந்ததும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். இறங்குகிற இடத்தில் கவர் கிடந்தால் அந்த விழுது வீண். நெல் வயலில், உழவுக்குக் கீழே படிந்த பிளாஸ்டிக் தாள் வேரையும் தண்ணீரையும் சேர்த்தே மறிக்கும். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவு. வெயிலில் நொறுங்கித் தூளான பிறகு நடப்பதை ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. 2019-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், பிளாஸ்டிக் துகள் கலந்த மண்ணில் புல் விதைகளின் முளைப்பு குறைந்தது, மண்புழுவின் எடையும் இறங்கியது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகம் 2018-இல் கோதுமையில் பார்த்தது இன்னும் முக்கியம்: மல்ச்சிங் ஷீட்டின் துண்டுகளில், சாதாரண பாலித்தீனைவிட 'மக்கும்' என்று விற்கப்படுகிற ரகமே பயிரை அதிகம் பாதித்தது. தர்பூசணிக்கு ஷீட் விரிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் சுருட்டி எடுக்காமல் அப்படியே உழுதுவிடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

களையும் பிளாஸ்டிக்கும் ஒரே வயலில் சேர்ந்தால் என்ன ஆகும்? பயிர் வேர் பிடிக்கும் முதல் சில வாரங்களில்தான் களையோடு அதற்குப் போட்டி. அப்போது வேர் தடுமாறினால் களை முந்திக்கொள்ளும். பிறகு எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் அதில் ஒரு பங்கைக் களையே தின்னும்.

எல்லாப் பழியையும் சிப்காட் புகைக்கூண்டின் மேல் போடுவது நமக்கு வசதி. ஆலைகள் பதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அது வேறு அத்தியாயம். பால் கவரைப் போட்டவர்கள் நாம்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2022-இல் அயல் தாவரங்களை அகற்ற அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இரண்டு உத்தரவும் தனித்தனிக் கோப்பில் இருக்கின்றன. ஏரியில் குப்பையும் முள்ளும் ஒன்றாகக் கிடக்கின்றன.

அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள். வண்டல் எடுக்க அனுமதி தரும் முன் ஏரியில் பிளாஸ்டிக் பொறுக்கப்பட்டதா? வேலிகாத்தானை மேலோடு வெட்டினார்களா, வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்தார்களா? மேலோடு வெட்டியிருந்தால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். அந்த வேலைக்கான பில்லில் கையெழுத்துப் போடுகிறவரை, போடும் முன் ஏரிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.