பந்தைத் தொடாத வீரர்

தேர்த் திருவிழாவுக்குச் செல்லும் நாம் அனைவரும் தேரில் வீற்றிருக்கும் திருவுருவத்தையே கண்டு வணங்குகின்றோம். வடம் பிடிப்போரையும் ஓரளவு காண்கின்றோம். ஆனால், சில்லின் அருகே குனிந்து நின்று, தக்க தருணத்திற் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகின்றவரை எவரேனும் நோக்குவதுண்டா? அவர் ஒரு கணம் தவறினால் மாத்திரமே அவரைப் பற்றிய பேச்சு எழும். அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் இத்தகைய ஊழியர் ஐவர் உளர். அவருள் ஒருவராய் விளங்கிய கனடா நாட்டவர் ஒருவரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பெயர் உதைபந்தாட்டமாயினும், அமெரிக்கர் ஆடும் இவ்வாட்டத்திற் பந்தைக் காலால் உதைப்பது சொற்பமே. கையிலேந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே பெரும்பகுதி. றக்பி ஆட்டத்தின் உறவினம் என்று கூறலாம். ஓர் அணிக்குப் பதினொருவர். பந்தை எறிபவருக்கு முன்னே ஐவர் மதிலென வரிசையாக நிற்பர். நடுவில் ஒருவர், அவருக்கு இருமருங்கும் காவலர் இருவர், அவர்களுக்கும் அப்பால் ஈரோரத்தும் இருவர். பாய்ந்து வரும் எதிரணியினரை மார்பாலும் கைகளாலும் தடுத்து, எறிபவருக்கு இரண்டு மூன்று விநாடி அவகாசம் பெற்றுக் கொடுப்பதே இவர்களின் கடமை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிப்பதற்குச் சாதாரணமாக இவர்களுக்கு விதி இடமளிப்பதில்லை. எதிரியைப் பற்றி இழுத்துவிட்டால் மத்தியஸ்தர் இவர்களின் இலக்கத்தை உரத்துக் கூறித் தண்டனை விதிப்பார். அரங்கிலுள்ளோர் இவர்களைப் பற்றிக் கேள்விப்படுவது பெரும்பாலும் அவ்வொரு வேளையிலேதான்.

போறணை வீட்டுப் பிள்ளை

லோரன் துவெர்னே-தார்திஃப் 1991 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாகாணத்திற் பிறந்தவர். இவருடைய பெற்றோர் பிற்காலத்திற் பாண் போறணையொன்றை நடத்தலாயினர். தாய்மொழி பிரெஞ்சாயினும், இவர் வைத்தியக் கல்வி பயிலச் சேர்ந்தது மொன்றியல் நகரின் ஆங்கிலவழி நிலையமாகிய மக்கில் பல்கலைக்கழகத்திலேயாம். அங்கேயே பல்கலைக்கழக அணியிலும் ஆடினார். ஆறடி ஐந்தங்குல உயரமும் முந்நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட எடையுமுள்ள இவ்விளைஞர், பகலில் நோயாளரின் கட்டிலருகேயும் மாலையில் மைதானத்திலும் நின்றார். கனடாப் பல்கலைக்கழக ஆட்டத்தின் தலைசிறந்த வரிசை வீரருக்குரிய விருது 2013 இல் இவருக்குக் கிடைத்தது.

2014 மே மாதத்தில் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது, கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணி ஆறாம் சுற்றில் இவரைத் தெரிந்தெடுத்தது. இவருக்கு முன் 199 பேர் தெரிவாகியிருந்தனர். இத்தகைய கடைச்சுற்று வீரரின் வாழ்வு மிகவும் நிலையற்றது. ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி முகாமின் இறுதியில் 53 பேரை வைத்துக்கொண்டு, ஏனையோரை வீட்டுக்கு அனுப்பிவிடுவர். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று பெட்டி படுக்கையுடன் அலைந்து, ஓரிரு ஆண்டுகளிலே தொழிலை இழந்தோர் பலர். லோரனும் முதலாம் ஆண்டு முழுவதும் போட்டி ஒன்றிலேனும் ஆடாது காத்திருந்தார். 2015 இலேதான் வலப்புறக் காவலராகக் களமிறங்கும் வாய்ப்பு வந்தது. 2017 இல் அவ்வணி நான்கு கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள ஐந்தாண்டு ஒப்பந்தத்தை அவருக்கு வழங்கியது.

இனி நூல்கள் எதற்கு என்று மற்றொருவர் எண்ணியிருக்கக்கூடும். லோரன் அவ்வாறு எண்ணினாரல்லர். ஆட்டப் பருவம் முடிந்ததும் ஆண்டுதோறும் மொன்றியலுக்குத் திரும்பி, வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றார். அணியின் பயிற்றாசிரியர் அன்டி றீட் இதற்குத் தடை கூறவில்லை. அவருடைய அன்னையாரே மக்கில் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று பட்டம் பெற்றவராவர். 2018 மே மாதத்தில் லோரன் வைத்தியப் பட்டதாரியானார். தம் சட்டையின் முதுகிற் பெயரோடு பட்டத்தையும் பொறித்துக்கொள்ள விரும்பினார். ஆட்டச் சங்கத்தார் அதற்கு இணங்கவில்லை.

இவ்விரு துறைகளையும் ஒருங்கே கொண்டவர் இவர் மாத்திரமல்லர். 1936 முதல் 1943 வரை சிக்காகோ பெயர்ஸ் அணியில் இதே காவலர் நிலையில் ஆடிய டானி ஃபோர்ட்மன் என்பாரும், ஆடிக்கொண்டே வைத்தியக் கல்வியை முடித்தவரே.

இவ்வாட்டத்தின் ஆபத்தையும் நாம் மறைத்தலாகாது. இறந்துபட்ட தொழில்முறை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்த வைத்திய அறிஞர்கள், 111 இல் 110 மூளைகளில், திரும்பத் திரும்ப அடிபடுவதால் உண்டாகும் நோயின் அடையாளங்களைக் கண்டதாக 2017 யூலையில் அறிவித்தனர். நோய்க்குறி இருந்தோரின் குடும்பத்தினரே பெரும்பாலும் மூளைகளை ஆய்வுக்கு ஈந்தனராதலின், வீரர் எல்லார்க்கும் இதே விகிதம் பொருந்துமெனக் கொள்ளல் தவறு. ஆயினும் செய்தி அச்சந் தருவதே. கணித ஆராய்ச்சி மாணவருமாயிருந்த ஜோன் ஏர்ஷெல் என்னும் மற்றொரு வரிசை வீரர் அதே வாரத்தில் ஆட்டத்தைத் துறந்தார்.

வெற்றிக்குப் பின்

2020 பெப்ரவரி 2 ஆம் நாள் சீஃப்ஸ் அணி, 50 ஆண்டுகளின் பின் சுப்பர் போல் வெற்றியை 31-20 என்ற புள்ளிக் கணக்கிற் பெற்றது. லோரன் அன்று தம் இடத்திற் சளையாது நின்றார். அடுத்த மாதமே கொரோனாத் தொற்று உலகை வருத்தத் தொடங்கியது. கியூபெக்கில் முதலாம் அலையில் மாண்டோருட் பெரும்பாலார் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் இருந்தவர்கள். பட்டம் பெற்றிருந்தும் வதிவிடப் பயிற்சி பெறாமையால், லோரன் தனித்து வைத்தியம் செய்ய இயலாதவராயிருந்தார். ஆதலின் ஏப்பிரல் மாதத்தில் மொன்றியலுக்கு அணித்தான அத்தகைய நிலையமொன்றில் உதவி ஊழியராகச் சேர்ந்தார். வெற்றி வீரரெனக் கொண்டாடப்பட்ட அவர், முதியோருக்கு உணவூட்டினார், மருந்து கொடுத்தார்.

புதிய ஆட்டப் பருவம் நெருங்கியது. யூலை 24 ஆம் நாள் அவர் தம் முடிவை வெளியிட்டார். தொற்றுக்கு உள்ளாகும் அபாயத்தை ஏற்பதாயின், அதனை நோயாளரைப் பேணுவதில் ஏற்பதே முறை என்பது அவர் கூறியதன் சாரம். அந்த ஆண்டு ஆட்டத்திலிருந்து விலகிய முதலாவது வீரர் அவரே. அதனால் அவர் கைவிட்ட சம்பளம் ஏறக்குறைய 27 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்.

2021 பெப்ரவரி 7 ஆம் நாள் சீஃப்ஸ் அணி மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தது. லோரன் இல்லை, ஈரோரத்து வீரர் இருவரும் காயமுற்றிருந்தனர். மதில் சரிந்தது. புகழ்பெற்ற எறிவீரர் பற்றிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுவதும் துரத்தப்பட்டார். 9 புள்ளிகளுக்கு எதிராக 31 என அணி தோற்றது. வரிசையில் நிற்போரின் பெறுமதியை அவர்கள் இல்லாத அன்றே பலரும் கண்டனர்.

திரும்பி வந்த லோரனுக்கு அவருடைய பழைய இடம் காத்திருக்கவில்லை. பயிற்சியிற் கை எலும்பு முறிந்தது. அவரைப் போலவே ஆறாம் சுற்றிலே தெரிவான புதிய இளைஞரொருவர் அவ்விடத்தைப் பெற்றார். நவம்பரில் அவர் நியூ யோர்க் ஜெற்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2022 இல் மொன்றியலிற் குடும்ப வைத்தியத்தில் வதிவிடப் பயிற்சியை ஆரம்பித்தார். 2023 இல் ஆட்டத்துக்கு விடைகூறினார்.

படிப்பா, விளையாட்டா என்று நம்மிடம் வினவும் பெற்றோர் பலர். இரண்டும் எல்லார்க்கும் இயலுமென நாம் கூறமாட்டோம். லோரனுக்கும் நான்காண்டுகளில் முடியக்கூடிய படிப்பு எட்டாண்டுகள் வரை நீண்டது. ஆயினும் அவர் அதனைக் கைவிடவில்லை. முன்வரிசையிற் பேர் பெறாத மாணவர்களே! உங்களுக்காகவே இவ்வரலாற்றை எழுதினோம். மைதானத்தில் ஒருவரைக் காத்து நின்ற கைகளே, முதியோர் நிலையத்திற் பெயரறியாத ஒருவருக்குக் கஞ்சி ஊட்டின. அங்கே ஆரவாரிக்க எவரும் இருக்கவில்லை. அவருக்கோ அது பழகிய நிலையே.