மலைவீட்டிற்கு ஒரு கண்ணாடிக் கூடம்

சவ்வாது மலையில் மார்கழி இரவுகள் குளிர் மிக்கவை. சித்திரைப் பகல்களோ வெயில் மிக்கவை. அம்மலையில் வாழும் ஒருவர் தம் வீட்டை ஒட்டிக் கண்ணாடிக் கூடம் ஒன்று அமைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். பனிக்காலத்தில் இதமாகவும், கோடையில் இன்னல் தராததாகவும் அதனை அமைப்பது எங்ஙனம்?

முதலில் கண்ணாடியின் இயல்பை அறிதல் வேண்டும். கதிரவனின் ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவும். அவ்வொளி பட்டுத் தரையும் சுவரும் சூடேறும். அவை வெளியிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. சூடேறிய காற்றும் உள்ளேயே அடைபட்டு நிற்கும். குளிர்நாட்டார் செடிகளைக் கண்ணாடி மனைகளில் வளர்ப்பது இக்காரணம் பற்றியே. வெப்பநாட்டில் ஆராயாது கட்டிய கண்ணாடிக் கூடமோ அடுப்பைப் போலாகிவிடும். அதனைத் தணிக்கக் குளிர்சாதனம் ஓயாது இயங்க வேண்டும், மின்செலவும் பெருகும்.

அடுத்து, திசையை ஆராய்தல் வேண்டும். இம்மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12½ பாகையில் அமைந்துள்ளது. அங்கே டிசம்பர் 22ஆம் நாள் நண்பகலில் கதிரவன் தென்வானில் 54 பாகை உயரத்தில் நிற்பான். மார்ச்சு 21ஆம் நாளிலோ 77½ பாகை உயரத்திற்கு ஏறிவிடுவான். தென்புறக் கண்ணாடியின் மேல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இறவாரம் அமைத்தால், மார்ச்சு நண்பகலில் அதன் நிழல் 2.7 மீட்டர் வரை இறங்கிக் கண்ணாடி முழுவதையும் காக்கும். டிசம்பரிலோ நிழல் 83 சென்டிமீட்டர் அளவே இறங்கும். அதன்கீழ் இளவெயில் உள்ளே புகுந்து இதம் தரும்.

கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்ந்து வருவதால் அதனை இறவாரம் தடுக்க இயலாது. ஆதலின் அத்திசைகளில் கண்ணாடியைக் குறைத்தல் நன்று. கண்ணாடிக் கூரை அறவே வேண்டா. இரட்டைக் கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே இரவில் அறையின் வெப்பம் விரைவில் வெளியேறாது. எனினும் அது வெயிலைத் தடுப்பதற்கு நிழலுக்கு ஈடாகாது. தாழ ஒரு சாளரமும் உயர ஒரு சாளரமும் இருப்பின், சூடேறிய காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும்.

மாணவர்களே! உங்கள் வீட்டு முற்றத்தில் கோல் ஒன்றை நட்டு, அதன் நண்பகல் நிழலை மாதந்தோறும் அளந்து வாருங்கள். மார்கழியில் வடக்கே நீண்ட நிழல், சூன் மாதத்தில் தெற்கே சாய்வதைக் காண்பீர்கள். அவ்வளவையும் குறித்து வைத்தவர், வீடு கட்டும் நாளில் பிறர் வீட்டின் அழகைக் கண்டு மயங்கமாட்டார்.